காதில் போன தண்ணி

"ஸ்நார்க்கெல்னா எனக்குத் தெரியும்மா. வருஷக்கணக்கா அதத்தான மாட்டிக்கிட்டு இருக்கோம்" என்றார் அப்பா.

ஹேவ்லாக் தீவின் படகுத்துறையில், காலை ஆறே முக்கால் மணிக்கு, ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட்டின் வாரை இழுத்து இறுக்கிக்கொண்டே சொன்னார். படகுக்காரத் தம்பியின் கையில் மூன்று கண்ணாடி முகமூடிகளும் மூன்று வளைந்த குழாய்களும் இருந்தன. அப்பா சொன்னது கடலைப் பற்றி அல்ல. ஆவடியில் டேங்க் செய்கிற எச்.வி.எஃப்.பில் அவர் முப்பத்து நாலு வருஷம் ஃபிட்டர். டி-72, டி-90 டேங்குகளுக்கு ஆற்றைக் கடப்பதற்கென்று ஒரு நீளமான குழாய் உண்டு. சாதாரண நாளில் பீரங்கிக் கூண்டுக்குப் பின்னால் கட்டிக் கிடக்கும். குறுக்கே ஆழமான தண்ணீர் வந்தால் அதை நிமிர்த்தி மாட்டி, இண்டு இடுக்கெல்லாம் அடைத்துவிட்டு, டேங்க் ஆற்றின் தரையிலேயே ஊர்ந்து போகும். ஐந்து மீட்டர் ஆழம்வரை போகலாம். அந்தக் குழாய்க்கும் பெயர் ஸ்நார்க்கெல்தான்.

"உள்ள இருக்கறவனுக்கு வெளிய ஒண்ணும் தெரியாது. திசைகாட்டிய நம்பி ஓட்டணும். பயப்படக் கூடாது, அவ்ளோதான்" என்று தம்பியிடம் விளக்கினார். தம்பி வங்காளி. கிழக்கு பாகிஸ்தானிலிருந்து அகதிகளாக வந்து குடியமர்த்தப்பட்ட குடும்பங்களில் ஒன்றின் பேரன். தமிழ் தெரியாது. மரியாதையாகத் தலையாட்டினான்.

(அறைக்குத் திரும்பியபின் தேடிப் பார்த்தேன். அது முதலில் நீர்மூழ்கிக் கப்பலின் சொல். டச்சுக் கடற்படை செய்து பார்த்த காற்றுக் குழாய், 1940இல் ஜெர்மானியர்கள் நெதர்லாந்தைப் பிடித்தபோது அவர்கள் கைக்குப் போனது. மூக்கைக் குறிக்கும் பேச்சு வழக்குச் சொல் ஒன்றை அதற்குப் பெயராக வைத்தார்கள். ஆக, சுற்றுலாப் பயணியைவிட அப்பாவின் டேங்குக்குத்தான் அந்தச் சொல் நெருங்கிய சொந்தம்.)

அந்தமானுக்கு ஏன் போனோம் என்று ஆவடிக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. எல்.டி.சி. மத்திய அரசு ஊழியர்கள் சொந்த ஊர் போவதற்கான சலுகையை மாற்றி அந்தமானுக்கு விமானத்தில் போய்வர அனுமதி இருந்தது. அதனால் எங்கள் பக்கம் நாலு வீட்டுக்கு ஒரு வீட்டில் செல்லுலார் ஜெயில் முன்னால் எடுத்த குடும்பப் படம் தொங்கும்.  2024 பிப்ரவரி. அப்பா ஓய்வு பெற நாலு மாதம் இருந்தது. அவருக்குக் கப்பலில் போக ஆசை. மூன்று நாள் ஆகும் என்றதும் அம்மா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். போர்டிங் பாஸைத் தொலைத்தால் பணம் திரும்பி வராது என்பதால் மூன்றையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, அதைப் புளிக்காய்ச்சல் பாட்டிலோடு சேர்த்துக் கட்டி வைத்திருந்தார் அப்பா.

படகு ஏறுவதற்கு முன் ஒரு படிவம் கொடுத்தார்கள். பெயர், வயது, இதய நோய் உண்டா, நீச்சல் தெரியுமா. அம்மாவுக்கும் எனக்கும் 'இல்லை' என்று நானே எழுதினேன். அப்பாவுக்கும் 'இல்லை' என்று எழுதப்போன கையை அவர் பிடித்தார்.

"எனக்குத் தெரியும். எஸ் போடு."

எனக்கு இருபத்தேழு வயது. அதுவரை அப்பாவை இடுப்பளவு தண்ணீரில்கூட நான் பார்த்ததில்லை. மெரினாவில் கணுக்காலுக்கு மேல் நனைய விடமாட்டார். பள்ளியில் கிஷ்கிந்தாவுக்குக் கூட்டிப்போனபோது கையெழுத்துப் போட மறுத்தவர். 'ஏரிப் பக்கம் போகாதே' என்பது எங்கள் வீட்டில் 'கை கழுவிட்டு வா' மாதிரி ஒரு வாக்கியம். எஸ் என்று எழுதினேன். பேனா காகிதத்தைக் கிழித்துவிட்டது.

கோபத்துக்குக் காரணம் இருக்கிறது. சென்னைக்கு மேற்கே நாங்கள் இருக்கிற இடத்தை வரைபடத்தில் பாருங்கள். ஊரைவிட ஏரிதான் அதிகம். அம்பத்தூர் ஏரி, கொரட்டூர் ஏரி, அயப்பாக்கம் ஏரி, பருத்திப்பட்டு ஏரி. கிழக்கே போனால் புழல். தெற்கே பூந்தமல்லியைத் தாண்டினால் நிறைந்தால் 24 அடி நிற்கும் செம்பரம்பாக்கம். இத்தனை தண்ணீருக்கு நடுவே வளர்ந்த என் வகுப்பில், பிளஸ் டூ வரைக்கும், நீந்தத் தெரிந்த ஒரு பெண்ணை நான் சந்தித்ததில்லை. பையன்களிலும் இரண்டு மூன்று பேர்தான். எங்களுக்கு ஏரி என்றால் பேருந்து ஜன்னலில் மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டிய இடம். ஆகாயத்தாமரை, பிளாஸ்டிக், மழைக்காலத்தில் 'நிரம்பிடுச்சாம்' என்ற வாட்ஸ்அப் செய்தி. 2015 டிசம்பருக்குப் பிறகு அந்தச் செய்திக்கே வயிறு கலங்கும்.

படகு ஒரு டுங்கி. மரப் படகு, நடுவில் தார்ப்பாய்க் கூரை, பின்னால் டீசல் இன்ஜின். சத்தம் நம்ம ஊர் ஷேர் ஆட்டோ மாதிரியே. அம்மா அவோமின் மாத்திரை போட்டுக்கொண்டு கூரைக்குக் கீழே நட்ட நடுவில் உட்கார்ந்தாள். அன்றைய திட்டம்: காலையில் போகும் வழியில் தூண்டில், பிறகு ஒரு திட்டில் ஸ்நார்க்கெல், மதியம் கரையில் சாப்பாடு, மாலையில் மறுபடி தூண்டில்.

தம்பி தூரத்தில் பச்சையாகத் தெரிந்த தீவுகளைக் காட்டி, அந்தப் பக்கம் தூண்டில் போடக் கூடாது, ராணி ஜான்சி கடல் தேசியப் பூங்கா என்றான். அந்தத் தீவுகளின் பெயர் என்ன என்று கேட்டேன். ஹென்றி லாரன்ஸ், ஜான் லாரன்ஸ், அவுட்ரம். எனக்குச் சிரிப்பு வந்தது. 1857 கிளர்ச்சியை அடக்கிய ஆங்கிலேயர்களின் பெயரைத்தான் இந்தத் தீவுக்கூட்டம் முழுக்க வைத்திருக்கிறார்கள். ஹேவ்லாக், நீல், எல்லாம் அந்த வகை. ஜான்சி ராணியைத் தோற்கடித்த ஹ்யூ ரோஸுக்கும் ஒரு குட்டித் தீவு இருக்கிறது. 1996இல் பூங்கா அறிவித்தவர்கள் அவர்கள் நடுவிலேயே ராணியைக் கொண்டுவந்து உட்கார வைத்துவிட்டார்கள். 2018இல் ஹேவ்லாக், ஸ்வராஜ் தீவு ஆனது. நீல், ஷஹீத் தீவு. நீல் நமக்கும் பழக்கமானவர்தான். மவுண்ட் ரோட்டில் அவருக்குச் சிலை இருந்தது. அதை எடுக்கச் சொல்லி 1927இல் போராட்டம் நடந்து, 1937இல் ராஜாஜி ஆட்சியில்தான் எழும்பூர் மியூசியத்துக்குப் போனது. படகில் பெயர் மாற்றம் யாருக்கும் ஒட்டவில்லை. தம்பியும் ஹேவ்லாக் என்றுதான் சொன்னான்.

தூண்டில் கோலை நீட்டியபோது அப்பா வாங்கவில்லை. கோலில் சுருளும் கைப்பிடியுமாக ஏதேதோ இருந்தது. "கைத்தூண்டில் இருக்கா?" என்று கேட்டார். ஃபேக்டரி ஹிந்தி. தம்பி ஒரு பிளாஸ்டிக் பாட்டிலில் சுற்றிய தங்கூசியை எடுத்துக் கொடுத்தான். அப்பா கணவாய்த் துண்டை முள்ளில் கோத்த விதத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். முள்ளின் நுனி வெளியே தெரியக் கூடாது, தெரியாமலும் இருக்கக் கூடாது. ஒரு மடிப்பு, ஒரு குத்து, இன்னொரு மடிப்பு. கண்ணே போகவில்லை. விரலுக்கு மட்டும் ஞாபகம் இருந்த வேலை.

காலையில் ஒன்றும் மாட்டவில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். தம்பியின் கோலில் ஒரு சூரை வந்தது, அம்மா அதன் விலையை ஊர்க் கணக்கில் சொன்னாள், அவ்வளவுதான்.

திட்டுக்கு வந்து நங்கூரம் போட்டார்கள். தண்ணீர் கண்ணாடி பாட்டில் நிறத்தில் இருந்தது. நான் ஏணியைப் பிடித்துக்கொண்டு கழுத்துவரை இறங்கி, முகத்தை உள்ளே விட்டு, உடனே வெளியே எடுத்தேன். வாய் வழியாக மட்டும் மூச்சு விட வேண்டும் என்பது மூளைக்குப் புரிகிறது, நெஞ்சுக்குப் புரியவில்லை. மூன்றாவது முறை உப்புத்தண்ணியைக் குடித்துவிட்டு, போதும், ஏறிவிடலாம் என்று திரும்பினேன்.

அப்பா அதற்குள் இறங்கியிருந்தார். இறங்குவதற்கு முன் லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றலாமா என்று தம்பியிடம் கேட்டார். அவன் கூடாது என்றான். விதின்னா விதி, அப்பா மறுபேச்சு பேசவில்லை. ஆனால் அந்த ஜாக்கெட்டோடு அவர் நீந்தியதைப் பார்க்கப் பாவமாக இருந்தது. கால்கள் கீழே போகப் பார்க்கின்றன, ஜாக்கெட் மேலே தூக்குகிறது. தும்பு கட்டின மாடு மாதிரி. இருந்தாலும் அது நீச்சல்தான். கை தண்ணீரை வெட்டாமல் ஒதுக்கிவிட்டுப் போனது. ஐம்பத்தொன்பது வயது, தொப்பை, கால்முட்டியில் வலி. ஒன்றும் தெரியவில்லை.

"இந்த வளையத்தப் புடி. என்னப் பாக்காத. கீழ பாரு" என்றார். காற்றடைத்த வளையத்தை ஒரு பக்கம் நான் பிடிக்க, இன்னொரு பக்கம் பிடித்து அவர் இழுத்துக்கொண்டு போனார்.

நான் யூடியூபில் பார்த்த வண்ணங்கள் கீழே இல்லை. பெரும்பாலும் சாம்பல். ஒடிந்த மான்கொம்புகளைக் குவித்து வைத்த மாதிரி. பவளம் ஒரு பிராணி. அதற்குள் குடியிருக்கும் நுண்பாசிதான் அதற்கு நிறமும் சோறும். தண்ணீர் சூடானால் பாசி வெளியேறிவிடும், பவளம் வெளுக்கும், வெப்பம் நீடித்தால் சாகும். அந்தமானில் 2010 கோடையில் அப்படி ஒரு பெரிய வெளுப்பு நடந்தது. தம்பி அப்போது பள்ளிக்கூடப் பையன். அதற்கு முன்னால் இங்கே எப்படி இருந்தது என்று அவன் மேலே வந்து சொல்ல ஆரம்பித்து, பாதியில் கையை விரித்துவிட்டான். ஆனால் சாம்பலுக்கு நடுவே திட்டுத் திட்டாக உயிர் இருந்தது. ஊதாநிற நுனிகள், மூளை மாதிரி மடிப்பு மடிப்பாக ஒரு உருண்டை, உதடு நீலமாக ஒரு பெரிய சிப்பி. பச்சையும் ரோஜா நிறமுமாகக் கிளிமீன்கள் பாறையைக் கொறித்துக்கொண்டிருந்தன. அவை பவளப் பாறையைக் கடித்து, அரைத்து, மிச்சத்தை வெள்ளை மணலாகக் கழிக்கும். இப்படிக் கரையில் சேர்ந்த மணல் கொஞ்சநஞ்சமல்ல.

பிற்பாடு இதைச் சொன்னபோது அப்பா வெகுநேரம் யோசித்தார். "அப்போ நேத்து ராதாநகர் பீச்ல நாம பொரண்டது பூரா மீனோட பீயா?"

தண்ணீருக்குள் ஒரு சத்தம் இருந்தது. யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. சதா பொரிகிற சத்தம், கடுகு தாளிக்கிற மாதிரி. நொடிக்கு நொடி இடுக்கியைச் சொடுக்கும் சின்ன இறால்கள் எழுப்புவது அது. தலையை வெளியே எடுத்தால் அலையும் இன்ஜினும் மட்டும். உள்ளே விட்டால் சமையலறை.

அப்பா குழாயைத் துப்பிவிட்டு என்னைப் பார்த்துக் கத்தினார். "கேக்குதா?"

"கேக்குதுப்பா."

"எனக்கும் கேக்குது. ரெண்டு பக்கமும் கேக்குது."

இதன் அர்த்தம் எனக்கு உடனே விளங்கவில்லை. அப்பாவுக்கு இடது காது கேட்காது. சின்ன வயசில் தண்ணி போய்ச் சீழ் வைத்தது, ஓட்டை மூடியும் கேட்கும் சக்தி வரவில்லை. நரம்பு நல்லாத்தான் இருக்கு, நடுக்காதுதான் போயிடுச்சு என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதனால்தான் வீட்டில் எப்போதும் கத்திப் பேசுவார். அம்மா எப்போதும் அவருக்கு வலது பக்கம் நடப்பாள். தண்ணீருக்குள் சத்தம் பெரும்பாலும் செவிப்பறை வழியாக வருவதில்லை, மண்டை எலும்பு வழியாக நேரே உள்காதுக்குப் போகிறது. எந்தப் பக்கமிருந்து வருகிறது என்றுகூட அங்கே சரியாகத் தெரியாது. அங்கே அப்பாவின் காதும் என் காதும் ஒன்று. இதையெல்லாம் பின்னால் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். அந்த நேரத்தில் கண்டது, முகமூடிக்குள் அவர் கண் சிரித்தது மட்டும்தான். திரும்பவும் தலையை உள்ளே விட்டவர், தம்பி விசில் அடிக்கும்வரை எடுக்கவில்லை.

நான் முன்னாலேயே ஏறிவிட்டேன். அம்மா துண்டைக் கொடுத்தாள்.

"எந்த ஏரி தண்ணிம்மா அப்பா காதுல போனது?"

"எந்த ஏரின்னா? நம்ம ஏரிதான்."

பெயர் வேண்டாம். எங்கள் பக்கத்தில் எந்த ஏரியைச் சொன்னாலும் கதை ஒன்றுதான். அம்மா அன்றைக்குத்தான் சொன்னாள். கல்யாணமான புதிதில் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் அப்பா மூங்கில் கோலும் மண்புழு டப்பாவுமாகக் கிளம்பிவிடுவாராம். பத்து மணிக்கு விராலோ கெளுத்தியோ இல்லாமல் வந்ததில்லை. வந்ததும் ஒரு முங்கு போட்ட ஈரத்தலை. 1996இல் நான் வயிற்றில் இருந்தேன். ஒரு ஞாயிறு விராலை அறுக்கும்போது மண்ணெண்ணெய் வாடை வந்தது என்றாள் அம்மா.

"எல்லாரும் மசக்கைன்னாங்க. புள்ளத்தாச்சி மூக்கு அப்படித்தான் இருக்கும்னாங்க. உங்க பாட்டி ஒருத்தி மட்டும்தான் தட்டுல போட்டுச் சாப்ட்டுச்சு, வீம்புக்கு. உங்கப்பா ஒரு வாய் வெச்சாரு. எழுந்து போய்க் கை கழுவிட்டு வந்தாரு. ஒண்ணும் சொல்லல. அதுக்கப்புறம் அந்தக் கோல் பரண்ல ஏறுனதுதான்."

அந்தக் கோலை எனக்குத் தெரியும். பொங்கலுக்குப் பரணைச் சுத்தம் செய்யும்போதெல்லாம் இறக்கி, துடைத்து, திரும்ப ஏற்றுவோம். ஒட்டடைக் கம்பு என்று நினைத்திருந்தேன்.

மதியம் ஆளில்லாத ஒரு கரை. புளிச்சோறு. சுனாமியில் சாய்ந்த பெரிய மரங்கள் வெளுத்த எலும்பு மாதிரிக் கிடந்தன, ஒன்றின் மேல் உட்கார்ந்து சாப்பிட்டோம். என்னால் அடக்க முடியவில்லை.

"ஏம்ப்பா எனக்கு நீச்சல் சொல்லித் தரல? பொண்ணுன்றதாலயா?"

"அதுவும் இருக்கு" என்றார். பொய் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "எதுல சொல்லித் தர்றது பாப்பா? எங்கப்பா என்னைத் தூக்கிப் போட்ட எடத்துல உன்னைத் தூக்கிப் போட முடியுமா?" என்றார். பிறகு பாக்கெட்டிலிருந்த போர்டிங் பாஸ் உறையை எடுத்து நனையவில்லையே என்று பார்த்தார்.

முழுப் பதிலும் இது இல்லை என்று எனக்குத் தெரியும். எங்கள் பக்கம் கிணறுகள் இருந்தன, பின்னால் நீச்சல் குளங்களும் வந்தன. தனக்குத் தெரிந்த ஒன்றைப் பற்றி ஒரு மனிதர் இருபத்தேழு வருஷம் வாயே திறக்காமல் இருப்பதற்குத் தண்ணீர் கெட்டுப்போனது மட்டும் காரணமாக இருக்க முடியாது. கோபமா, வெட்கமா? கேட்டால் இரண்டும் இல்லை என்பார். நான் அதற்குமேல் தோண்டவில்லை.

மாலையில்தான் மாட்டியது. படகு பூங்கா எல்லைக்கு வெகுதூரம் இந்தப் பக்கம் நின்றிருந்தது. அப்பா தங்கூசியை ஆள்காட்டி விரலில் ஒரு சுற்றுச் சுற்றி, கண்ணை மூடிக்கொண்டு இருந்தார். தூங்குகிறார் என்று நினைத்தேன். திடீரென்று மணிக்கட்டு மட்டும் திரும்பியது. இழுக்க இழுக்க வந்தது ஒரு களவா. பழுப்பு உடம்பில் புள்ளி புள்ளியாக, ஒன்றரைக் கிலோ இருக்கும். தம்பி கைதட்டினான்.

அப்பா முள்ளை எடுத்துவிட்டு மீனை இரண்டு கையாலும் பிடித்து மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தார். தம்பிக்குக் குழப்பம். அப்பா எழுந்து, ஆடுகிற படகில் கூரைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அம்மா உட்கார்ந்திருந்த இடத்துக்குப் போனார்.

"மோந்து பாரு."

அம்மாவுக்கு அன்று முழுக்கக் குமட்டல். இருந்தாலும் குனிந்து மோந்தாள்.

"ஒண்ணுமில்லங்க. மீன் வாடைதான்."

"நல்லாப் பாரு."

"நல்லாத்தான் பாத்தேன். நல்லாருக்கு."

துறைக்குப் பக்கத்துக் கடையில் அதை வறுத்துக் கொடுத்தார்கள். கடுகெண்ணெய். அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை, நல்லெண்ணெய் இருந்தா எடுத்துக்கும் என்றாள். ஆனால் முதல் துண்டை அவள்தான் எடுத்தாள், தலைப் பகுதியை அப்பாவுக்கு வைத்தாள்.

நாங்கள் திரும்பிய இரண்டாவது மாதம், 2024 ஏப்ரலில், உலகம் முழுக்கப் பவளங்கள் வெளுப்பது நான்காவது முறையாக நடந்துகொண்டிருக்கிறது என்று அமெரிக்காவின் நோவா அமைப்பு அறிவித்தது. அந்த ஊதாநிற நுனிகள் என்ன ஆயின என்று நான் தம்பியின் நம்பருக்கு இன்னும் கேட்டு எழுதவில்லை. எல்.டி.சி. பணம் வந்துவிட்டது. பரணிலிருந்து கோலை இறக்கினோம். மூங்கில் உளுத்து, தொட்டதும் மாவாகக் கொட்டியது. அம்மா தேறின பாதியைப் பால்கனியில் கொடியாகக் கட்டிவிட்டாள்.

ஜூலையில் திருமுல்லைவாயல் பக்கம் ஒரு நீச்சல் குளத்தில் சேர்ந்தேன். காலை ஆறிலிருந்து ஏழு பெண்களுக்கான நேரம், ஆண்கள் உள்ளே வரக் கூடாது. ஓய்வு பெற்ற அப்பாவுக்கு வேறு வேலை இல்லை. ஸ்கூட்டரில் கொண்டுவந்து விட்டுவிட்டு எதிரே டீக்கடையில் உட்கார்ந்திருப்பார். முதல் வாரம் முழுக்கக் குளோரின் குடித்தேன். எட்டாவது நாள் பக்கவாட்டுச் சுவரை விட்டுவிட்டு நாலு கைவீச்சு போனேன், அவ்வளவுதான், மூழ்கி எழுந்தேன்.

வெளியே வந்து சொன்னதும் அவர் பாராட்டவில்லை. டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"காதுல தண்ணி போச்சா?"

"லைட்டா."

"எந்தக் காது?"

"இடது."

"தலைய அந்தப் பக்கம் சாய். ம். இப்போ ஒத்தக் கால்ல குதி."

"ப்பா, ரோட்ல எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். குதின்றேன்ல!"

தெருவுக்கே கேட்கிற குரல். டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். ஈரத்தலையைச் சாய்த்துக்கொண்டு, கம்பெனி பஸ் ஏறக் காத்திருந்த அத்தனை பேர் முன்னாலும், இடது காலில் குதித்தேன். மூன்றாவது குதிப்பில் சூடாக ஒரு சொட்டு காதிலிருந்து இறங்கி, தோளில் விழுந்தது. "வந்துச்சா?" என்று கேட்டுக்கொண்டே துண்டின் முனையைத் திரியாக முறுக்க ஆரம்பித்திருந்தார் அப்பா.